15 சென்ட் ஹாம்பர்கர் மலிவா? போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் விலைகளை உழைப்பு நேரத்தில் அளந்தால்

கேள்வி: 1950-களில் அமெரிக்காவில் ஹாம்பர்கர் 15 சென்ட், கோக் 5 சென்ட், தோட்டத்தோடு சேர்த்து வீடு 8,000 டாலர் என்று படிக்கிறோம். வீட்டில் ஒருவர் சம்பாதித்தே வீடு, கார், டிவி எல்லாம் வாங்கினார்களாம். வாழ்க்கை நிஜமாகவே அவ்வளவு மலிவாக இருந்ததா?

பதில்:

வீடு மலிவு. சாப்பாடு மலிவில்லை. டிவியும் பிரிட்ஜும் நன்றாகவே விலை அதிகம். அந்த மலிவான வீடும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில், பழைய விலையை எப்படி அளப்பது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நம் ஊரில் பலர் செய்யும் முதல் தவறு, 15 சென்ட்டை இன்றைய டாலர் மதிப்பில் ரூபாயாக மாற்றிப் பார்ப்பது. 1949 செப்டம்பரிலிருந்து 1966 ஜூன் வரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசுதான். அந்தக் கணக்கில் 15 சென்ட் என்பது பதினோரு அணாச் சொச்சம். இரண்டாவது வழி பணவீக்கத்தால் பெருக்குவது. 1950-இன் டாலரை 2024-க்குக் கொண்டுவர 13-ஆல் பெருக்கினால் போதும், 1955 என்றால் 12-க்குச் சற்றுக் குறைவு. இது தவறில்லை, ஆனால் எல்லாப் பொருளும் ஒரே சீராக விலை ஏறியதாக ஒரு தோற்றத்தைக் கொடுத்துவிடும். முட்டையின் விலையும் வீட்டின் விலையும் ஒரே வேகத்தில் ஏறவில்லை.

மூன்றாவது வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது: அந்தப் பொருளை வாங்க எத்தனை நிமிடம் உழைக்க வேண்டியிருந்தது என்று பார்ப்பது. 1950-இல் ஒரு சாதாரண ஆலைத் தொழிலாளியின் சராசரிக் கூலி மணிக்கு 1.44 டாலர், அதாவது நிமிடத்துக்கு 2.4 சென்ட். எந்த விலையையும் 2.4-ஆல் வகுத்தால் நிமிடம் கிடைத்துவிடும். 1945-க்கு 1.7-ஆலும், 1955-க்கு 3.1-ஆலும் வகுக்க வேண்டும்.

இப்போது 1950-இன் மளிகைக் கடைக்குள் போகலாம். ஒரு டஜன் முட்டை 60 சென்ட்: 25 நிமிட உழைப்பு. ஒரு பவுண்டு காப்பித்தூள் 79 சென்ட்: 33 நிமிடம். ஒரு பவுண்டு வெண்ணெய் 73 சென்ட்: அரை மணி நேரம். அரை காலன் பால், பால்காரர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவது, 41 சென்ட்: 17 நிமிடம். மாட்டின் தொடைக்கறியாக வரும் ரவுண்ட் ஸ்டேக் பவுண்டு 94 சென்ட்: 39 நிமிடம். ரொட்டி மட்டும் பவுண்டு 14 சென்ட், ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். 2024-இல் அதே ஆலை வேலைக்கு மணிக்கு ஏறத்தாழ 28 டாலர் கூலி. ஒரு டஜன் முட்டைக்கு ஏழெட்டு நிமிடம் போதும். ஆகவே அன்றைய முட்டை இன்றைய முட்டையைப்போல மூன்று மடங்கு உழைப்பை வாங்கியது.

1950-இல் நகரக் குடும்பங்களின் செலவைக் கணக்கெடுத்தபோது, மொத்தச் செலவில் சாப்பாட்டுக்கு மட்டும் 30 சதவீதத்தை ஒட்டிப் போயிருந்தது. துணிமணிக்கு 11 சதவீதத்துக்கு மேல். இன்று சாப்பாட்டுக்கு 13 சதவீதம்தான், துணிக்கு மூன்றுகூட இல்லை. வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஏன் இருந்தது, கிழிந்த காலுறையை ஏன் தைத்துப் போட்டார்கள், மீந்த கறியை மறுநாள் ஏன் வேறு பண்டமாக்கினார்கள் என்பதற்கெல்லாம் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1.44 டாலர் என்பது ஆலைத் தொழிலாளியின் கூலி. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 1945-இல் மணிக்கு 40 சென்ட், 1950 ஜனவரியில் 75 சென்ட், 1956 மார்ச்சில்தான் 1 டாலர். வயல் வேலை செய்தவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. தெற்கு மாநிலங்களில் அந்த இரண்டு வேலைகளையும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்தான் செய்தார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன நிமிடங்களை இரண்டால், சில இடங்களில் அதற்கும் மேலே பெருக்கிக்கொள்ள வேண்டும்.

விலை நிலையாக இருந்த காலம் என்று பேசுவதிலும் பாதிதான் உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிந்த முதல் சில வருடங்கள் கடுமையானவை. போர்க்காலத்தில் விலைக்கட்டுப்பாடும் ரேஷன் புத்தகமும் இருந்தன. பெட்ரோல் ரேஷன் 1945 ஆகஸ்டிலேயே போய்விட்டது, கறிக்கும் வெண்ணெய்க்கும் அந்த நவம்பரில் போனது, சர்க்கரைக்கு மட்டும் 1947 ஜூன் வரை நீடித்தது. விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் 1946 ஜூன் 30-இல் காலாவதியானதும் விலை எகிறியது. சில வாரங்களில் தளர்வான வடிவில் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள். கறிக்கு மறுபடி உச்சவரம்பு வந்தவுடன் மாட்டுப் பண்ணைக்காரர்கள் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கறிக்கடைகள் காலியாகக் கிடந்தன. அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ட்ரூமன் கறிக் கட்டுப்பாட்டை எடுத்தே தீர வேண்டியதாயிற்று.

விளைவை ஒரே பண்டத்தில் பார்க்கலாம். 1945-இல் பவுண்டு 41 சென்ட்டாக இருந்த ரவுண்ட் ஸ்டேக் 1950-இல் 94 சென்ட். கூலி ஏறியதையும் கணக்கில் எடுத்தால்கூட 24 நிமிட உழைப்பு 39 நிமிடமாகிவிட்டது. கொரியப் போரின்போது 1951-இல் இன்னொரு ஏற்றம், ஏறத்தாழ 8 சதவீதம். அதற்குப் பிறகு 1952-லிருந்து 1965 வரை ஒரு வருடம்கூடப் பணவீக்கம் 4 சதவீதத்தைத் தொடவில்லை. மக்கள் மனதில் நின்றுபோன ‘விலை ஏறாத காலம்’ இந்தப் பதிமூன்று பதினான்கு வருடங்கள்தான். அதனால் ஒரு பழைய விலையைப் பார்த்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள். 1946-ஆக இருந்தால் மாதத்தையும் பாருங்கள்.

அடுத்தது 5 சென்ட் நாணயம். ‘நிக்கல்’ என்று அழைத்த அந்த ஒற்றைக் காசுதான் பல பொருள்களின் விலையைக் கட்டிப் போட்டிருந்தது. நன்றாகப் பதிவாகியிருக்கும் கதை கோகோ கோலாவுடையது. முதலில் கிளாஸிலும் பிறகு ஆறரை அவுன்ஸ் பாட்டிலிலும் 1886-லிருந்து ஏறத்தாழ எழுபது வருடம் 5 சென்ட்டுக்கே விற்றது. தொடக்கத்தில் அதற்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். 1899-இல் பாட்டிலில் அடைக்கும் உரிமையை இரண்டு வக்கீல்களுக்குக் கொடுத்தபோது, கோக்கின் மூலச் சாறான சிரப்பின் விலையைக் காலவரையின்றி நிர்ணயித்துவிட்டார்கள். பாட்டில் விலை ஏறினால் லாபம் பாட்டில்காரருக்குத்தான் போகும், சிரப் விற்கும் கம்பெனிக்கு ஒன்றும் வராது. எனவே ஊரெல்லாம் சுவரில் ‘5 சென்ட்’ என்று எழுதி, யாரும் ஏற்றி விற்க முடியாதபடி கம்பெனியே பார்த்துக்கொண்டது.

1921-இல் ஒப்பந்தம் மாறியது, ஆனாலும் விலை ஏறவில்லை. இப்போது தடையாக நின்றது இயந்திரம். காசு போட்டால் பாட்டில் தரும் பெட்டிகள் லட்சக்கணக்கில் நாடெங்கும் நின்றன. அவை ஒற்றை நிக்கலை மட்டுமே வாங்கும்படி செய்தவை. 6 சென்ட் என்று வைத்தால் இரண்டு விதக் காசு போட வேண்டும், அதற்கு இயந்திரத்தின் உள்பாகத்தையே மாற்ற வேண்டும். 10 சென்ட் என்று வைத்தால் ஒரே நாளில் விலை இரட்டிப்பு. கம்பெனித் தலைவர் ராபர்ட் உட்ரஃப் 1953-இல் ஜனாதிபதி ஐசன்ஹோவரிடம் ஏழரை சென்ட்டுக்கு ஒரு புது நாணயம் அச்சடிக்கும்படி கேட்டிருக்கிறார். அது நடக்கவில்லை.

வேறொரு யோசனையும் இருந்தது. இயந்திரத்துக்குள் ஒன்பது இடத்தில் ஓர் இடத்தில் வெற்றுப் பாட்டிலை வைப்பது. வெற்றுப் பாட்டில் வந்தவர் இன்னொரு நிக்கல் போட வேண்டும். ஒன்பது நிக்கலுக்கு எட்டு பாட்டில், அதாவது பாட்டிலுக்கு 5.625 சென்ட். கணக்கு சரிதான், ஆனால் வெற்றுப் பாட்டில் கையில் கிடைத்தவரின் கோபத்துக்கு யார் பதில் சொல்வது? நாடு முழுக்க அதைக் கொண்டுபோகவில்லை. பல இடங்களில் 1950-களிலேயே விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 1959-க்குள் 5 சென்ட் கோக் முடிவுக்கு வந்தது.

நியூயார்க் சுரங்க ரயிலிலும் இதே சிக்கல்தான். 1904-லிருந்து 5 சென்ட், 1948 ஜூலை 1-இல் 10 சென்ட். அதுவரை ஒற்றைக் காசு போதும். 1953 ஜூலையில் 15 சென்ட் ஆனபோது, நுழைவாயில் சுழல் கதவுக்கு இரண்டு காசைச் சேர்த்து எண்ணத் தெரியாது. அதற்காகத்தான் டோக்கன் பிறந்தது. சாக்லேட்டில் வேறு உத்தி: ஹெர்ஷி பார் 1969 வரை 5 சென்ட்டுக்கே வந்தது, ஆனால் கொக்கோ விலை ஏற ஏற எடை குறைந்தது. காமிக்ஸ் புத்தகம் இருபது வருடத்துக்கு மேல் 10 சென்ட், அதற்குள் 64 பக்கம் 32 ஆனது. அதனால் ‘விலையே மாறவில்லை’ என்று எங்காவது படித்தால் எடையும் பக்கமும் மாறியதா என்று கேளுங்கள்.

இனி வீடு. இங்கேதான் அந்தக் காலம் உண்மையிலேயே மலிவு. அதை விரிவாகப் பார்க்க நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் இருக்கும் லெவிட்டவுன் சரியான இடம்.

1947-இல் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட் குடும்பக் கம்பெனி வீடு கட்டத் தொடங்கியது. 1951-க்குள் 17,447 வீடுகள். ஆலையில் கார் நகர்ந்து வரும், ஆள் நிற்பார். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு வீட்டைக் கட்டுவதை 26 வேலைகளாகப் பிரித்து, ஒரு குழு ஒரே வேலையை மட்டும் செய்துவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடும். முதல் மாதிரி வீடு 750 சதுர அடி: இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. மனை 60 அடிக்கு 100 அடி. மாடியைப் பூசாமல், தடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். பிள்ளை பிறந்தால் வாங்கியவரே பலகை அடித்து இரண்டு அறை ஆக்கிக்கொள்ள வேண்டும். அடுப்பு, பிரிட்ஜ், பெண்டிக்ஸ் வாஷிங் மெஷின் வீட்டோடு வந்தன. 1950 மாடலில் படிக்கட்டுச் சுவரில் ஒரு டிவியையும் பதித்தே கொடுத்தார்கள்.

தரையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகளுக்கு வழக்கமாக இருக்கும் நிலவறை இங்கே கிடையாது. மண்ணைத் தோண்டும் செலவும் நாளும் மிச்சம். நேராகத் தரையில் கான்கிரீட் தளம் போட்டு, அதற்குள்ளேயே செம்புக் குழாயைப் பாம்புபோல வளைத்து வளைத்துப் புதைத்தார்கள். குளிர்காலத்தில் கொதிகலனிலிருந்து சுடுநீர் அந்தக் குழாயில் ஓடும், தரை சூடாகும், அறை சூடாகும். காலுக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் கான்கிரீட் சூடாகவும் நேரம் பிடிக்கும், ஆறவும் நேரம் பிடிக்கும். திடீரென்று குளிர் இறங்கினால் வீடு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் ஆகும். வருடங்கள் போனபின் குழாயில் ஊசித்துளை விழுந்தால் கசிவு எங்கே என்று தெரியாது. தரையில் ஈரம் தெரியும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் இன்னொன்று. தேடித் தேடித் தரையை உடைக்க வேண்டும். பிற்பாடு பலர் அந்தக் குழாயை அப்படியே கைவிட்டுவிட்டு, சுவரோரம் ஓடும் ஹீட்டருக்கு மாறினார்கள்.

விலைக்கு வருவோம். 1949-இல் வந்த புது மாடல், ஏறத்தாழ 800 சதுர அடி, 7,990 டாலர். அந்தச் சமயத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் 3,300 டாலரை ஒட்டி. ஆக வீட்டின் விலை ஏறத்தாழ இரண்டரை வருட வருமானம். போரிலிருந்து திரும்பியவர் என்றால் முன்பணம் கிடையாது, மாதம் 58 டாலர். மணிக்கு 1.44 டாலரில் 40 மணி நேரம் உழைத்தால் 57.60 டாலர். ஒரு வாரக் கூலியில் ஒரு மாத வீட்டுத் தவணை முடிந்துவிட்டது. இன்று புது வீட்டின் இடைநிலை விலை ஏறத்தாழ நான்கு வருடக் குடும்ப வருமானம். ஆனால் இன்றைய புது வீடு அதைப்போல மூன்று மடங்கு பெரியது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த 58 டாலர் சாத்தியமானது 1944 ஜூன் 22-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட போர்வீரர் சட்டத்தால். கடனில் ஒரு பகுதிக்கு அரசே ஜாமீன் நின்றது, வட்டிக்கு 4 சதவீதம் உச்சவரம்பு. வங்கிக்குப் பயமில்லை, வாங்குபவருக்கு முன்பணமில்லை. அதே சட்டம் கல்லூரிக் கட்டணமாக வருடத்துக்கு 500 டாலர் வரை கட்டியது, வேலை கிடைக்காதவருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் கொடுத்தது. 20 லட்சத்துக்கும் மேலானவர்கள் அதை வைத்துக் கல்லூரிக்குப் போனார்கள். 1940-இல் சொந்த வீட்டில் இருந்த குடும்பங்கள் 44 சதவீதம், 1960-இல் 62. வாழ்க்கை மாறியதற்கு ஹாம்பர்கர் விலையைவிட ஆயிரம் மடங்கு முக்கியமான காரணம் இது.

ஆனால் யாருக்கு? லெவிட்டவுனின் ஆரம்ப ஒப்பந்தத்தில், வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்களாக இருந்தால் மட்டும் பரவாயில்லை என்று ஒரு ஷரத்து வெளிப்படையாகவே இருந்தது. அப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாளிலிருந்து வரி போயிற்று, நடைமுறை போகவில்லை. வீட்டுக்கடன் ஜாமீன் தரும் அரசு அலுவலகங்களே கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளை ஆபத்தானவை என்று வகைப்படுத்தின. மிசிசிப்பி மாநிலத்தில் 1947-இல் போர்வீரர்களுக்கு ஜாமீனோடு கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இருநூறு அல்ல, இரண்டு. பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம், டெய்சி மயர்ஸ் தம்பதி முதல் கறுப்பினக் குடும்பமாகக் குடிவந்தபோது, நாள்கணக்கில் வாசலில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது, மாநிலக் காவல்துறை வந்து காவல் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கால வீட்டு விலையைப் பேசும் எவரும் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. ஒரே போரில் சண்டையிட்டவர்களில் ஒருவருக்கு வாரக் கூலியில் வீடு, இன்னொருவருக்கு அந்த வரிசையிலேயே இடமில்லை.

வீட்டைத் தவிர மற்றதெல்லாம் தவணை. டிவி, பிரிட்ஜ், சோபா, கார். இங்கே ஒரு விஷயம் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும், ஏனென்றால் நம் ஊர் பைனான்ஸ் கடைகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன: பிளாட் ரேட் வட்டி. பாக்கி 200 டாலர், வருடத்துக்கு நூற்றுக்கு 8 என்றால், 16 டாலரை முதலிலேயே சேர்த்து 216 ஆக்கி, 12 மாதத்தால் வகுத்து மாதம் 18 டாலர் என்பார்கள். கேட்பவருக்கு 8 சதவீதம்போலத் தெரியும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு 200-க்கும் போட்டிருக்கிறது. உண்மையான வட்டி 14 சதவீதத்துக்கு மேல். இந்த உண்மை விகிதத்தைக் கடைக்காரர் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 1968-இல்தான் வந்தது. கொரியப் போர்க்காலத்தில் விலையை அடக்குவதற்காக மத்திய வங்கி தவணைக்கும் கட்டுப்பாடு போட்டது. 1950 அக்டோபரிலிருந்து காருக்கு மூன்றில் ஒரு பங்கு முன்பணம், வீட்டுச் சாதனத்துக்குக் கால் பங்கு, இரண்டுக்கும் 15 மாதத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். 1952 மேயில் அதை எடுத்துவிட்டார்கள். கார் விளம்பரங்களில் மாதத் தவணை அதன் பிறகு ஏன் சிறிதாகத் தெரிகிறது என்றால், விலை இறங்கியதால் அல்ல, தவணைக் காலம் நீண்டதால்.

டிவி விஷயத்தில் திரைப்படங்கள் நம்மை நிறைய ஏமாற்றுகின்றன. 1950-இல் பத்தில் ஒரு வீட்டில்கூட டிவி இல்லை. 1955-இல் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் இருந்தது, 1960-இல் 87 சதவீதம். நடுவில் 1948 செப்டம்பரிலிருந்து 1952 ஏப்ரல் வரை புது ஒளிபரப்பு நிலையங்களுக்கு அனுமதியே கொடுக்கவில்லை, அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதால். டென்வர், போர்ட்லாண்ட் போன்ற பெரிய நகரங்களுக்கு 1952 வரை ஒரு நிலையம்கூட இல்லை. ஆகவே 1951-இல் டென்வர் குடும்பம் ஒன்று மாலையில் டிவி முன் உட்கார்ந்திருப்பதாக ஒரு கதை சொன்னால் அது தவறு.

போருக்குப் பிறகு பரவலாக விற்ற முதல் செட் ஆர்சிஏ கம்பெனியின் 630 மாடல், 1946-இல், 10 அங்குலத் திரை, ஏறத்தாழ 375 டாலர். அன்றைய ஆலைக் கூலியில் கிட்டத்தட்ட ஒன்பது வாரச் சம்பளம். பத்து வருடத்தில் 21 அங்குலக் கருப்பு வெள்ளை செட் 200 டாலரை ஒட்டி வந்துவிட்டது, மூன்று வாரத்துக்கும் குறைவு. வண்ண டிவி 1954-இல் 1,000 டாலர். பத்து வருடத்துக்கு அது வசதியானவர்கள் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

வாங்கினால் போதாது, ஓட வைக்க வேண்டும். அந்த 630 செட்டுக்குள் 30 வால்வுகள், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றும் பல்புபோலச் சூடாகி, பல்புபோலவே ஒரு நாள் போய்விடும். மெக்கானிக் வீட்டுக்கு வந்தால் வந்ததற்கே தனிக் கட்டணம் என்பதால், மருந்துக்கடை வாசலில் நிற்கும் வால்வு சோதிக்கும் பெட்டியைத்தான் முதலில் நாடுவார்கள். முறை இதுதான். செட்டின் பின்பலகையைக் கழற்றினால் மின்கம்பியும் கூடவே பிரிந்து வந்துவிடும், பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருந்தார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் எந்த வால்வு எங்கே என்று படம் இருக்கும். ஆறவிட்டு, ஆட்டாமல் நேராக மேலே இழுத்து, ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டி மேலுள்ள பட்டியலில் வால்வின் எண்ணைப் பார்த்து, அதில் சொன்னபடி திருகிகளை வைத்து, சரியான சாக்கெட்டில் செருகி, சூடாகும் வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினால் முள் சிவப்பில் நிற்கும் அல்லது பச்சையில் நிற்கும். புது வால்வு அதே பெட்டியின் கீழே பூட்டிய அலமாரியில் இருக்கும்.

எங்கே கோளாறு வரும்? கழற்றியதும் தூசி போகட்டும் என்று துடைத்தால் கண்ணாடி மேல் அச்சிட்ட எண்ணும் சேர்ந்து அழிந்துவிடும். மெல்லிய ஏழு முள், ஒன்பது முள் வால்வுகளைக் கோணலாகச் செருகினால் முள் வளையும். சோதனைப் பெட்டி வால்வுக்குள் மின்னோட்டம் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், உயர் அதிர்வெண்ணில் சரியாக வேலை செய்யுமா என்று அதற்குத் தெரியாது. அதனால் பச்சை காட்டிய வால்வே கோளாறாக இருப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட ஆபத்து, திரையாக இருக்கும் பெரிய கண்ணாடிக் குழாயான பிக்சர் டியூப்: மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். திரை நடுவில் ஒரே ஒரு கிடைக்கோடு தெரிந்தால் படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதியில் கோளாறு. சத்தம் வருகிறது, திரை இருட்டு என்றால் உயர் மின்னழுத்தப் பகுதியைப் பார்க்க வேண்டும். 1950-களின் நடுவில் விலையைக் குறைக்க டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த செட்டுகள் வந்தன. அதில் ஒரு வால்வு போனாலும் கோயில் விழா சீரியல் லைட் மாதிரி மொத்தமும் அணைந்துவிடும்.

இத்தனை பாடுபட்டு என்ன பார்த்தார்கள்? 1953 ஜனவரி 19 அன்று ‘ஐ லவ் லூசி’ தொடரில் நாயகிக்குக் குழந்தை பிறக்கும் பகுதியை 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம். நேரடி ஒளிபரப்பே வழக்கமாக இருந்த நாளில், மூன்று கேமராக்களை வைத்து 35 எம்எம் பிலிமில் எடுத்ததால்தான் அந்தத் தொடர் இன்றும் தெளிவாக இருக்கிறது, மறு ஒளிபரப்பு என்ற வியாபாரமும் அதிலிருந்து வளர்ந்தது. சினிமாக் கொட்டகைக்கோ அது கெட்ட காலம். 1946-இல் வாரத்துக்கு ஏறத்தாழ 9 கோடி பேர் போனது, 1950-களின் நடுவில் பாதியாகிவிட்டது.

டிவி முன் சாப்பிடவென்று ஸ்வான்சன் கம்பெனி விற்ற அலுமினியத் தட்டு உணவு, வான்கோழி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு, 98 சென்ட். 425 டிகிரி பாரன்ஹீட் அடுப்பில் 25 நிமிடம் வைக்க வேண்டும். 1954-இன் கூலிக்கு அது அரை மணிக்கு மேல். நான்கு பேருக்கு 3.92 டாலர், இரண்டு மணி நேரத்துக்கு மேலான உழைப்பு. அது மலிவு உணவு அல்ல, சமையலிலிருந்து ஒரு நாள் விடுப்புக்குக் கொடுத்த விலை. அதோடு ஒப்பிட்டால்தான் 15 சென்ட் ஹாம்பர்கரின் அருமை தெரியும். 1955-இல் நால்வருக்கு நான்கு ஹாம்பர்கர், நான்கு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், நான்கு மில்க்‌ஷேக் சேர்த்து 1 டாலர் 80 சென்ட், ஒரு மணி நேரக் கூலிக்குள் முடிந்தது. மெக்டொனால்டு சகோதரர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஊரில் இருந்த தங்கள் கடையை 1948-இல் சில மாதம் மூடிவைத்து, காருக்குக் கொண்டுவந்து பரிமாறும் பணிப்பெண்களையும் பீங்கானையும் எடுத்துவிட்டு, 25 பண்டத்தை 9 ஆக்கினார்கள். ஒரு பவுண்டு கறியில் பத்து வட்டு. அந்த 15 சென்ட் இப்படிப் பிறந்தது. அதை வைத்து மற்ற சாப்பாட்டுக் கடைகளின் விலையை ஊகித்தால் தவறிவிடும்.

இளைஞர்கள் பக்கம் பார்த்தால் விலைதான் அவர்களுக்குத் தனி உலகத்தைக் கொடுத்தது. 1949-இல் வந்த, நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய இசைத்தட்டு, 1950-களின் பிற்பகுதியில் 89 சென்ட். பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டை, பல பாட்டுகள் கொண்ட பெரிய எல்பி தட்டாக வாங்காமல் ஒன்றொன்றாக வாங்கலாம். 1954-இன் ரீஜென்சி டிரான்சிஸ்டர் ரேடியோ 49.95 டாலர், ஒரு பையன் வாங்க முடியாத விலை. அது இறங்க இறங்கத்தான் பாட்டு ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போனது. 1958-இன் ஹூலா ஹூப் வளையம் 1.98 டாலர், அப்பாவின் ஒரு மணி நேரக் கூலியை ஒட்டி.

மளிகைக் கடைக்கு ஒரு முறை திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே விலைச்சீட்டில் தெரியாத ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு 10 சென்ட் கொள்முதலுக்கும் ஒரு பச்சை ஸ்டாம்ப் கொடுப்பார்கள். அதை நாக்கில் நனைத்து நோட்டில் ஒட்ட வேண்டும், பக்கத்துக்கு 50, ஒரு நோட்டுக்கு 1,200. அதாவது 120 டாலருக்கு வாங்கினால் ஒரு நோட்டு நிறையும். வாரம் 20 டாலர் மளிகை என்றால் ஆறு வாரம். நோட்டுகளைச் சேர்த்துக் கொண்டுபோனால் விளக்கு, கெட்டில், போர்வை என்று எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் அந்த ஸ்டாம்ப்பை விற்பனையில் ஏறத்தாழ 2 சதவீதம் கொடுத்து வாங்கினார். ஊரில் ஒரு கடை மட்டும் கொடுத்தால் கூட்டம் அங்கே போகும், செலவு ஈடாகிவிடும். எல்லாக் கடையும் கொடுக்க ஆரம்பித்தால் அந்த 2 சதவீதம் சாமான் விலையில்தான் ஏறும்.

கடைசியாக கார், ஏனென்றால் பழைய விளம்பர விலையில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 1955 செவர்லே பெல் ஏர் ஏறத்தாழ 2,000 டாலர் என்று படிப்பீர்கள். அதில் ரேடியோ கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது, பனி பெய்யும் நாட்டில் ஹீட்டர்கூடத் தனிக் காசு. ஆலையிலிருந்து உங்கள் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் வெளியே. டீலர் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை, பக்கத்துத் தெருவில் வேறு விலை. 1958-இல் செனட்டர் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகுதான் அடிப்படை விலை, ஒவ்வொரு கூடுதல் சாமானின் விலை, போக்குவரத்துச் செலவு மூன்றையும் அச்சிட்டுக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று ஆயிற்று. அதற்கு முந்தைய விளம்பரத்தில் பார்க்கும் எண்ணைத் தொடக்க விலையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.